மர்பி டவுன்: தங்குமிடம், குடியிருப்பு, குடிமை

பெங்களூரின் கிழக்கே, அல்சூருக்கும் இந்திராநகருக்கும் இடையில், பழைய மதராஸ் சாலையை ஒட்டி அமைந்திருக்கும் குடியிருப்பு மர்பி டவுன். அதன் முந்தைய பெயர் நாக்ஸ்பேட்டை. பெங்களூர் கன்டோன்மென்டில் ஏழைத் தொழிலாளருக்கென ஒழுங்குபடுத்தி அமைக்கப்பட்ட முதல் குடியிருப்புகளுள் இதுவும் ஒன்று. இன்றைய பெயர், சிவில் மற்றும் இராணுவ நிலையத்தின் நிர்வாகப் பொறியாளராக இருந்த டபிள்யூ. எச். மர்பியின் நினைவாக இடப்பட்டது. கன்டோன்மென்டின் பிற பகுதிகள் ரெசிடென்டுகள், தளபதிகள், ஆட்சியர்கள் ஆகியோரின் பெயர்களைத் தாங்கி நிற்க, உழைப்பாளர் குடியிருப்பு ஒன்று பொறியாளரின் பெயரைப் பெற்றது. ஏழைகளின் உறைவிடச் சிக்கலைக் காலனிய அரசு எந்தத் துறையின் பொறுப்பாகக் கருதியது என்பதை இப்பெயரே ஓரளவு உணர்த்துகிறது. அது அறத்தின் பாற்பட்டதாகவோ உரிமையின் பாற்பட்டதாகவோ எண்ணப்படவில்லை. வடிகால், காற்றோட்டம், தெரு அகலம் ஆகியவற்றோடு சேர்ந்த பொறியியல் சிக்கலாகவே எண்ணப்பட்டது.

வீடற்றோர் குறித்த இன்றைய விவாதம் பெரும்பாலும் இரவுத் தங்குமிடங்களின் எண்ணிக்கையைச் சுற்றியே நடைபெறுகிறது. அந்த விவாதத்துக்கு ஒரு நூற்றாண்டுப் பின்னணி உண்டு. நகரத்தைக் கட்டிய உழைப்பாளர்க்கு நகரத்தில் எவ்வகை இடம் அளிக்கப்பட்டது, யார் அளித்தனர், எந்த அச்சத்தினால் அளித்தனர் ஆகிய வினாக்களுக்கு மர்பி டவுனின் வரலாறு தெளிவான ஒரு நுழைவாயிலாக அமைகிறது.

தண்டும் குடியும்

1799இல் திப்பு சுல்தான் வீழ்ந்த பின்னர் ஆங்கிலேயப் படை ஸ்ரீரங்கப்பட்டணத்தில் தங்கியிருந்தது. அங்கு நிலவிய நோய்கள் காரணமாக 1809இல் படைத்தளம் பெங்களூருக்கு, அல்சூரை ஒட்டிய மேட்டுநிலத்துக்கு மாற்றப்பட்டது. கன்னடத்தில் கன்டோன்மென்டைக் குறிக்க இன்றும் 'தண்டு' என்னும் சொல்லே வழங்குகிறது. படை என்னும் பொருளில் தமிழுக்கும் அது பழைய சொல். படையோடு படைக்கு வேண்டியோரும் வந்தனர். தானிய வணிகர், ஒப்பந்ததாரர், கொத்தனார், வண்டியோட்டி, சலவைத் தொழிலாளி, தோல் தொழிலாளி, வீட்டுப் பணியாளர், துப்புரவுத் தொழிலாளி என்று இவர்களில் பெரும்பகுதியினர் ஆர்க்காட்டு மாவட்டங்களிலிருந்தும் அவற்றை அடுத்த தமிழ்ப் பகுதிகளிலிருந்தும் வந்தவர்கள். 1834இல் மதராஸ் சாப்பர்ஸ் படைப்பிரிவு பெங்களூருக்கு வந்ததும், 1864இல் ஜோலார்பேட்டையிலிருந்து பெங்களூர் கன்டோன்மென்டுக்கு இரயில் ஓடத் தொடங்கியதும் இந்த வருகையை மேலும் பெருக்கின.

1881இல் மைசூர் அரசு உடையார் குடும்பத்திடம் திருப்பி அளிக்கப்பட்டபோது, கன்டோன்மென்டு மட்டும் தனி நிலப்பகுதியாக ஆங்கிலேயரிடமே இருந்தது. அவ்வாண்டின் மக்கள்தொகைக் கணக்குப்படி பெங்களூர் நகரில் 62,317 பேரும் கன்டோன்மென்டில் 93,540 பேரும் வாழ்ந்தனர். இரண்டுக்கும் தனித்தனி நகராட்சி, தனித்தனி வரி, தனித்தனி நிர்வாகம். எண்ணிக்கையில் பெரியது படைத்தளமே. எனினும் அதன் வரைபடத்தில் அணிவகுப்புத் திடல், படைவீரர் குடியிருப்பு, அதிகாரிகளின் விரிந்த தோட்ட வீடுகள் ஆகியவற்றுக்கு இருந்த இடம், அவற்றைக் கட்டிப் பராமரித்தோருக்கு இல்லை. அவர்கள் பிளாக்பள்ளி என்று அழைக்கப்பட்ட இன்றைய சிவாஜிநகரிலும், அல்சூரிலும், அவற்றைச் சுற்றிய சிறு பேட்டைகளிலும் நெருக்கமாகக் குடியேறினர். நாக்ஸ்பேட்டை அவ்வகைப் பேட்டைகளுள் ஒன்று.

தமிழில் 'குடி' என்னும் சொல் வீட்டையும், குடும்பத்தையும், ஆளப்படும் மக்களையும் ஒருசேரக் குறிக்கும். வீட்டு வாடகையைக் 'குடிக்கூலி' என்பதும், நாட்டின் உறுப்பினரைக் 'குடிமகன்' என்பதும் அதன் நீட்சிகள். ஒருவர் எங்கே உறைகிறார் என்பதும் அவர் யாருடைய பொறுப்பு என்பதும் இச்சொல்லில் பிரிக்க இயலாதவை. கன்டோன்மென்டின் தமிழ் உழைப்பாளர் நிலை இந்தப் பொருட்பிணைப்பையே உடைத்தது. உழைப்பு வேண்டப்பட்டது, உறைவிடம் உழைப்பாளரின் சொந்தக் கவலையாக விடப்பட்டது.

சத்திரத்தின் எல்லை

உறைவிடம் இல்லாதோர்க்கு இடமளிக்கும் மரபு தென்னிந்தியாவுக்குப் புதிதன்று. மணிமேகலைக் காப்பியம் காவிரிப்பூம்பட்டினத்தில் 'உலக அறவி' என்னும் பொது அம்பலத்தைக் காட்டுகிறது. ஆதரவற்றோரும் உடல் நலிந்தோரும் தங்குமிடமாக அது அமைகிறது. சிறைக்கோட்டம் அறக்கோட்டமாக மாற்றப்படுவதும் அக்காப்பியத்தில் வரும் நிகழ்ச்சியே. பிற்காலத்தில் கோயில் மண்டபம், மடம், சாவடி, வழிப்போக்கருக்கான சத்திரம், வீட்டுத் திண்ணை ஆகியன இம்மரபைத் தாங்கின. பெங்களூர் நகர இரயில் நிலையத்தை அடுத்துள்ள குப்பி தோடதப்பா சத்திரம், இரயில் யுகத்துக்கு ஏற்ப அம்மரபு உருமாறியதற்குச் சான்று. கிறித்தவத் தொண்டு நிறுவனங்களும் இத்துறையில் இயங்கின. ஏழைகளின் சிறிய சகோதரிகள் சபை 1900இல் பெங்களூரில் முதியோர் இல்லத்தைத் தொடங்கியது. அல்சூர், சிவாஜிநகர் வட்டாரத்தில் ஆர்க்காடு நாராயணசாமி முதலியார் போன்ற செல்வந்தர்கள் கல்வி அறக்கட்டளைகளை நிறுவினர். அவர் 1873இல் தொடங்கிய இலவசப் பள்ளி இன்றும் அவர் பெயரிலான கல்வி நிறுவனங்களாகத் தொடர்கிறது.

இவ்வறங்களின் மதிப்பைக் குறைக்க வேண்டியதில்லை. அவற்றின் எல்லையையும் காண வேண்டும். சத்திரம் வழிப்போக்கருக்கானது. அங்குத் தங்குபவர் போகும் ஊர் ஒன்று இருக்கிறது என்பது அதன் அடிப்படை. திண்ணை விருந்தினர்க்கானது, எந்தச் சாதியாருக்குத் திண்ணை திறந்தது என்பதும் ஊர் அறிந்ததே. வேலைக்காக வந்து, திரும்பும் ஊரை இழந்து, நகரத்திலேயே தலைமுறைகளாக வாழ வேண்டிய உழைப்பாளிக்கு மரபு அறத்தில் ஓர் இடம் வகுக்கப்படவில்லை. அவ்வகை மனிதர் பெருந்தொகையாகத் தோன்றியது பத்தொன்பதாம் நூற்றாண்டில்தான்.

அத்தோற்றத்தை விரைவுபடுத்தியது 1876-78 பெரும் பஞ்சம். மைசூர் அரசின் மக்கள்தொகை 1871இல் 50,55,412. பத்தாண்டுகளுக்குப் பின் 1881இல் 41,86,188. ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவான இவ்வீழ்ச்சி, பஞ்சத்தின் அளவைக் காட்டப் போதுமானது. தமிழ் மாவட்டங்களும் அதே பஞ்சத்தால் சிதைந்தன. நிலமற்ற உழைப்பாளர், பெரும்பாலும் ஒடுக்கப்பட்ட சாதியினர், கோலார் தங்கவயலுக்கும் பெங்களூர் கன்டோன்மென்டுக்கும் கடல் கடந்த தோட்டங்களுக்கும் செல்லத் தலைப்பட்டனர். தங்கவயலில் சுரங்க நிறுவனங்கள் வரிசைக் குடிசைகளை அமைத்துத் தொழிலாளரைத் தம் வேலிக்குள் வைத்தன. கன்டோன்மென்டில் அத்தகைய ஒற்றை முதலாளி இல்லை. படை, நகராட்சி, ஒப்பந்ததாரர், தனிவீடுகள் எனப் பலரும் அதே உழைப்பைப் பயன்படுத்தினர். உறைவிடப் பொறுப்பு ஒருவருக்கும் இல்லாமற் போனது.

கொள்ளைநோய் வகுத்த தெருக்கள்

1898 ஆகஸ்டில் பெங்களூரில் பிளேக் நோய் பரவத் தொடங்கியது. நோய் இரயில் வழியே ஹூப்ளியிலிருந்து வந்தது என்பது அன்றைய கணிப்பு. 1897ஆம் ஆண்டின் தொற்றுநோய்ச் சட்டம் வீட்டில் நுழையவும், நோயுற்றோரைப் பிரிக்கவும், கட்டடங்களை அகற்றவும் அதிகாரிகளுக்குப் பரந்த அதிகாரத்தை அளித்திருந்தது. மக்கள் நகரை விட்டு வெளியேறினர். திறந்தவெளிகளில் கொட்டகைகள் எழுந்தன. 1891இல் 80,285ஆக இருந்த நகர மக்கள்தொகை 1901இல் 69,447ஆகவும், கன்டோன்மென்டின் 1,00,081 என்பது 89,599ஆகவும் குறைந்தன. இறப்பும் இடப்பெயர்வும் சேர்ந்து இரு பகுதிகளிலும் தலா பத்தாயிரத்துக்கு மேற்பட்டோரைக் குறைத்தன. நகரின் பல மூலைகளில் இன்றும் வழிபடப்படும் பிளேக் மாரியம்மன் கோயில்கள் அந்நாள்களின் நினைவை அரசு ஆவணங்களுக்கு வெளியே காத்து வருகின்றன.

பிளேக் நகரமைப்புச் சிந்தனையை மாற்றியது. பம்பாயில் 1898இல் நகர மேம்பாட்டு அறக்கட்டளை தோன்றியதும் அதே நோயின் விளைவே. பெங்களூர் நகரப் பகுதியில் மல்லேசுவரமும் பசவனகுடியும் அகன்ற தெருக்களுடன் விரிந்தன. கன்டோன்மென்டில் ரெசிடென்ட் ஸ்டூவர்ட் ஃபிரேசரின் பெயரால் ஃபிரேசர் டவுன் இருபதாம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டில் உருவானது. எலி புகாத அடித்தளமும் நல்ல காற்றோட்டமும் கொண்ட 'பிளேக் தடுப்பு வீடு' அதன் முன்மாதிரி. ஆனால் அத்தகைய வீட்டைக் கட்டிக்கொள்ள மனையும் முதலும் வேண்டும். நோயின் பெருஞ்சுமையைத் தாங்கிய நெருக்கடியான பேட்டைகளிலிருந்து வெளியேறப் பொருள் வசதி பெற்றோர்க்கே முதல் வாய்ப்பு கிடைத்தது. ஏழைகள் பழைய இடத்திலேயே இருந்தனர். அவர்களுடைய குடிசைகள் நோயின் ஊற்று என்று அடையாளப்படுத்தப்பட்டன.

இந்த இடைவெளியை நிரப்பவே உழைப்பாளர்க்கான நகராட்சிக் குடியிருப்பு என்னும் எண்ணம் வந்தது. உலக அளவில் அது புதிதன்று. கிளாஸ்கோ நகரம் 1866இலேயே நெருக்கடிப் பகுதிகளை இடித்துச் சீரமைக்கும் சட்டத்தைப் பெற்றிருந்தது. 1890இல் உழைக்கும் வகுப்பினர் வீட்டுவசதிச் சட்டமும், முதல் உலகப் போருக்குப் பின் 1919இல் உள்ளாட்சிகள் தாமே வீடு கட்டுவதற்கு மானியம் அளிக்கும் சட்டமும் பிரிட்டனில் இயற்றப்பட்டன. 1914இல் இந்தியாவுக்கு வந்த பாட்ரிக் கெடிஸ், தென்னிந்திய நகரங்கள் பலவற்றைச் சுற்றிப் பார்த்து அறிக்கைகள் எழுதினார். குடியிருப்பை முழுதாக இடிப்பதைக் காட்டிலும் தேவையான இடத்தில் மட்டும் வெட்டித் திருத்துவதே சிறந்தது என்பது அவர் நிலைப்பாடு. சென்னை மாகாணத்தில் 1920இல் நகரமைப்புச் சட்டம் வந்தது. அதே காலத்தில் தொழிலாளர் ஆணையர் வழியாக ஒடுக்கப்பட்ட வகுப்பினர்க்கு மனையிடம் ஒதுக்கும் பணியும் தொடங்கியது. நாக்ஸ்பேட்டை மர்பி டவுனாக மாறிய மாற்றத்தை இந்தச் சூழலில் வைத்தே புரிந்துகொள்ள வேண்டும். ஒழுங்கற்ற பேட்டை ஒன்று, திட்டமிட்ட உழைப்பாளர் குடியிருப்பாக மறு உருவம் பெற்றது.

மர்பி டவுன் அளித்ததும் அளிக்காததும்

மர்பி டவுனின் முதற்சிறப்பு அதன் இருப்பிடம். படைமுகாம், அல்சூர்ச் சந்தை, அதிகாரிகளின் குடியிருப்புகள், மதராஸ் சாலையின் வண்டிப் போக்குவரத்து ஆகிய அனைத்தும் நடந்து செல்லும் தொலைவில் இருந்தன. உழைப்பாளி வீட்டுக்கும் வேலைக்கும் இடையே ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டிய நிலை இல்லை. பிற்கால மறுகுடியமர்வுத் திட்டங்கள் பெரும்பாலும் தவறவிட்டது இந்த எளிய செய்தியையே.

இரண்டாவது, முகவரி. தெருவும் எண்ணும் கொண்ட வீடு என்பது பள்ளிச் சேர்க்கைக்கும், நகராட்சிப் பதிவுக்கும், பின்னாளில் வாக்காளர் பட்டியலுக்கும் குடும்ப அட்டைக்கும் நுழைவுச்சீட்டாக அமைந்தது. அலுவலகத்தின் கண்ணில் ஒரு குடும்பம் தென்படத் தொடங்குவது அதன் கதவெண்ணிலிருந்துதான்.

மூன்றாவது, அண்டை அயல். ஒரே தெருவில் இரண்டு மூன்று தலைமுறைகள் வாழ்ந்ததனால் கோயில் திருவிழாக் குழு, தேவாலயச் சங்கம், இளைஞர் மன்றம், சீட்டுக் கூட்டு, இறப்புக்கு உதவும் ஏற்பாடு ஆகியன வளர இடம் கிடைக்கிறது. தனியொரு குடும்பம் வேலையிழப்பினாலோ நோயினாலோ வீதிக்கு வந்துவிடாமல் காப்பது பெரும்பாலும் இந்தச் சிறு ஏற்பாடுகளே. வீடற்ற நிலையைத் தடுக்கும் சமூக முயற்சி என்பது பெயர்ப்பலகை வைத்த நிறுவனங்களில் மட்டும் அடங்குவதன்று. வாடகை தர இயலாத மாதத்தில் அண்டை வீட்டார் கைமாற்றுத் தருவதும் அதன் பகுதியே. ஆவணக் காப்பகங்களில் இதற்குக் கோப்பு கிடையாது.

குறைகளும் இருந்தன. ஏழைகளை ஒழுங்கான தெருக்களில் குடியமர்த்திய திட்டம், அவர்களை அதிகாரிகளின் பகுதிகளிலிருந்து பிரித்தே வைத்தது. சாதியின் நிலவியலைக் காலனிய நகரமைப்பு கலைக்கவில்லை. அதற்கு வடிகால் வசதி செய்து கொடுத்தது. மேலும், கட்டப்பட்ட வீடுகள் வந்துகொண்டிருந்த உழைப்பாளரின் எண்ணிக்கைக்கு ஈடாகவில்லை. வரைபடத்தில் இடம்பெற்றோர் குடியிருப்போர் ஆயினர். இடம்பெறாதோர் ஏரிக்கரைகளிலும் இரயில் பாதை ஓரங்களிலும் புறம்போக்கு நிலங்களிலும் குடிசையிட்டனர். திட்டமிட்ட குடியிருப்பும் திட்டத்துக்கு அப்பாற்பட்ட குடிசைப் பகுதியும் ஒரே நேரத்தில், ஒரே உழைப்புச் சந்தையின் இரு முகங்களாகத் தோன்றின.

விடுதலைக்குப் பின்

1947இல் சிவில் மற்றும் இராணுவ நிலையம் மைசூர் அரசிடம் திரும்ப அளிக்கப்பட்டது. 1949இல் நகரம், கன்டோன்மென்டு ஆகியவற்றின் நகராட்சிகள் இணைந்து பெங்களூர் மாநகராட்சி உருவானது. அதே ஆண்டில் மைசூர் தொழிலாளர் வீட்டுவசதிச் சட்டம் இயற்றப்பட்டது. 1952இல் மைய அரசு தொழிற்சாலைப் பணியாளர் வீடுகளுக்கு மானியத் திட்டத்தைக் கொண்டுவந்தது. பழைய மதராஸ் சாலையிலேயே சற்றுக் கிழக்கே இந்தியத் தொலைபேசித் தொழிற்சாலை தன் பணியாளர்க்கெனப் பள்ளி, மருத்துவமனை, விளையாட்டுத் திடல் கொண்ட குடியிருப்பு நகரியத்தை அமைத்தது. பொதுத்துறை நிறுவனங்களின் நிலையான பணியாளர்க்குக் கிடைத்த இவ்வசதி, அந்நகரியங்களுக்குக் கல்லும் மண்ணும் சுமந்த கட்டடத் தொழிலாளர்க்குக் கிடைக்கவில்லை. வேலை முடிந்ததும் அவர்களுடைய கொட்டகைகள் அடுத்த வேலையிடத்துக்கு நகர்ந்தன.

1973இல் கர்நாடகக் குடிசைப் பகுதிகள் மேம்பாடு மற்றும் அகற்றல் சட்டம் நிறைவேறியது. 1975இல் அதற்கான வாரியம் அமைந்தது. தமிழகத்தில் குடிசை மாற்று வாரியம் 1970இலேயே தோன்றியிருந்தது. 'மேம்பாடு', 'அகற்றல்' ஆகிய இரு சொற்களும் ஒரே சட்டத்தின் தலைப்பில் இடம்பெற்றது தற்செயலன்று. எது எப்போது செயற்படும் என்பதை நிலத்தின் விலை முடிவு செய்தது. 1976இல் பெங்களூர் வளர்ச்சி ஆணையம் உருவாகி, இந்திராநகர் போன்ற விரிவாக்கங்கள் வளர்ந்தபோது, முன்னர் நகரின் விளிம்பாக இருந்த மர்பி டவுன் நகரின் நடுவே வந்துவிட்டது. 2011 அக்டோபரில் பையப்பனஹள்ளிக்கும் மகாத்மா காந்தி சாலைக்கும் இடையே முதல் மெட்ரோ இரயில் அல்சூர் வழியாக ஓடத் தொடங்கிய பின் அச்சாலையின் நில மதிப்பு வேறொரு படியை எட்டியது.

இக்காலத்தில்தான் குடிசைவாழ் மக்களின் அமைப்புகள் வலுப்பெற்றன. 1980 முதல் இயங்கும் ஆவாஸ் அமைப்பும், சென்னையில் பிறந்து பெங்களூரைத் தம் களமாகக் கொண்ட ரூத் மனோரமா 1985இல் தொடங்கிய 'விமன்ஸ் வாய்ஸ்' அமைப்பும் வெளியேற்றத்துக்கு எதிராகவும், வீட்டுப் பணியாளர் உரிமைக்காகவும், நிலப் பட்டாவுக்காகவும் குடிசைப் பகுதிப் பெண்களை ஒன்றுதிரட்டின. கன்டோன்மென்டு காலத்தில் வெளியிலிருந்து வந்த அறத்தைப் பெறுவோராக இருந்தவர்கள், இப்போது கோரிக்கை வைப்போராக மாறினர். இம்மாற்றத்தின் முன்வரிசையில் பெண்கள் நின்றதற்குக் காரணம் உண்டு. குடிசை இடிக்கப்படும் பகற்பொழுதில் வீட்டில் இருந்தவர்கள் அவர்களே; தண்ணீர்க்குழாயின் தொலைவை அன்றாடம் அளந்தவர்களும் அவர்களே.

உறைவிடத்தின் உறுதிப்பாடு சட்டத்தால் மட்டும் அமைவதில்லை என்பதை 1991 டிசம்பர் காட்டியது. காவிரி நடுவர் மன்றத்தின் இடைக்கால உத்தரவைத் தொடர்ந்து எழுந்த வன்முறையில் பெங்களூரின் தமிழ்க் கூலித் தொழிலாளர் குடியிருப்புகள் தாக்கப்பட்டன, குடிசைகள் எரிந்தன, பெருந்திரளானோர் எல்லை கடந்து தமிழகம் சென்றனர். அந்நாள்களில் முதலில் வீடிழந்தோர், ஏற்கெனவே பட்டா இல்லாதோர். அல்சூர் ஏரிக்கரையில் அதே ஆண்டில் நிறுவப்பட்டு மூடப்பட்டிருந்த திருவள்ளுவர் சிலை 2009 ஆகஸ்டில் திறந்துவைக்கப்பட்டது. சிலை திறப்பு இரு மொழியினர்க்கும் இடையே நல்லுறவைக் குறித்தது. எரிந்த குடிசைகளின் வரலாறு அதே அளவு கவனத்தைப் பெறவில்லை.

2013 ஜனவரியில் ஈஜிபுராவில் நடந்தது மற்றொரு பாடம். பொருளாதாரத்தில் நலிந்த பிரிவினர்க்கென மாநகராட்சி கட்டிய அடுக்குமாடி வீடுகள் தரக்குறைவினால் இடிந்து விழத் தொடங்க, அவ்விடத்திலேயே தகரக் கொட்டகைகளில் வாழ்ந்திருந்த 1,500க்கும் மேற்பட்ட குடும்பங்கள் காவல்துறையின் துணையோடு வெளியேற்றப்பட்டன. அரசு கட்டிய வீட்டில் குடியிருந்தவர்களே சாலையோரத்துக்கு வந்தனர். வீடுள்ளோர், வீடற்றோர் என்னும் பிரிவு நிலையானதன்று என்பதற்கு இதனினும் வலுவான சான்று வேண்டியதில்லை. பலருக்கு அவ்விரண்டுக்கும் இடையிலான தொலைவு ஓர் அறிவிப்பாணையின் நீளமே.

படுக்கைக் கணக்கு

நடைபாதைவாசிகள் குறித்த முக்கியத் தீர்ப்பான ஓல்கா டெல்லிஸ் வழக்கில் ஒரு தமிழ்த் தொடர்பு உண்டு. வழக்குத் தொடுத்தோருள் ஒருவர் சேலம் மாவட்டத்திலிருந்து வேலை தேடி 1961இல் பம்பாய் சென்ற நிலமற்ற தொழிலாளி. நெடுஞ்சாலை ஓரத்தில் பிளாஸ்டிக் கூரையிட்ட இடத்துக்கு 2,500 ரூபாய் கொடுத்துக் குடியிருந்தவர். 1981 ஜூலையில் அவருடைய குடிசை இடிக்கப்பட்டது. குடும்பத்தோடு சேலத்துக்குப் பேருந்தில் ஏற்றி அனுப்பப்பட்டார். சில நாள்களிலேயே வேலைக்காக மீண்டும் பம்பாய்க்கு வந்தார். நடைபாதையில் வாழ்வோர் அங்கு வாழ்வது அங்கேதான் வேலை இருப்பதனால் என்பதை உச்ச நீதிமன்றம் 1985இல் ஏற்றது. வாழ்வாதாரம் அரசமைப்பின் 21ஆம் பிரிவு காக்கும் வாழ்வுரிமையில் அடங்கும் என்று கூறியது. ஆயினும் உரிய அறிவிப்புக்குப் பின் வெளியேற்றலாம் என்பதும் அத்தீர்ப்பின் பகுதியே. உரிமை ஏற்கப்பட்டது, குடிசை காக்கப்படவில்லை.

கால் நூற்றாண்டுக்குப் பின், 2010இல், உணவுரிமை வழக்கின் தொடர்ச்சியாக உச்ச நீதிமன்றம் பெருநகரங்களில் ஒரு இலட்சம் மக்களுக்கு ஒன்று என்னும் அளவில் ஆண்டு முழுவதும் இயங்கும் தங்குமிடங்களை அமைக்கப் பணித்தது. டெல்லியின் கடுங்குளிரில் ஒரு தற்காலிகத் தங்குமிடம் அகற்றப்பட்டதே அதற்கு உடனடித் தூண்டுதல். 2013இல் தொடங்கிய தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கம் இந்த அளவைத் தன் நெறிமுறையாக ஏற்றது. ஒவ்வொரு தங்குமிடமும் குறைந்தது 50 பேருக்கு, ஒருவருக்கு 50 சதுர அடி என்னும் கணக்கில், இயன்றவரை அவர்கள் வேலை செய்யும் இடத்துக்கு அருகில் அமைய வேண்டும் என்பது விதி. நடைமுறைப் பொறுப்பைப் பெரும்பாலும் தொண்டு நிறுவனங்கள் ஏற்றன. கன்டோன்மென்டு கால அறம் அரசுத் திட்டத்தின் ஒப்பந்தப் பங்காளியாக மறுபடியும் நுழைந்தது.

2011 மக்கள்தொகைக் கணக்குப்படி பெங்களூர் மாநகராட்சிப் பகுதியின் மக்கள்தொகை ஏறத்தாழ 84 இலட்சம். நெறிமுறைப்படி 84 தங்குமிடங்கள் வேண்டும். அவை அனைத்தும் அமைந்தாலும் குறைந்த அளவுக் கணக்கில் 4,200 படுக்கைகளே கிடைக்கும். நகரில் இயங்கியவை அந்த எண்ணிக்கையைக்கூட நெருங்கவில்லை. இந்திய அளவில் 2001இல் 19.43 இலட்சமாக இருந்த வீடற்றோர் 2011இல் 17.73 இலட்சமாகக் குறைந்தனர். ஆனால் நகர்ப்புறத்தில் 7.78 இலட்சம் 9.38 இலட்சமாக உயர்ந்தது. ஊர்ப்புறத்தில் குறைந்து நகரத்தில் கூடிய இந்த எண், பஞ்ச காலத்துக் கன்டோன்மென்டு வருகையின் அதே திசையைக் காட்டுகிறது. ஓர் இரவில் கணக்கெடுப்பாளரின் கண்ணில் பட்டோரை மட்டுமே இக்கணக்கு உட்கொள்கிறது என்பதையும் மறக்கலாகாது. கட்டட வேலையிடத்தில் உறங்கும் காவலாளி, கடை வாசலில் படுக்கும் சுமைதூக்குபவர், பாதுகாப்புக்காக இரவில் இடம் மாறிக்கொண்டே இருக்கும் பெண் ஆகியோர் எளிதில் அதிலிருந்து நழுவுவர்.

தங்குமிடம் தேவையற்றது என்பது இதன் முடிபன்று. மழையிலும் குளிரிலும் ஓர் இரவுப் பாதுகாப்பு உயிரைக் காக்கிறது. நன்கு நடத்தப்படும் தங்குமிடம் அடையாள அட்டைக்கும் முதியோர் உதவித்தொகைக்கும் மருத்துவத்துக்கும் வழி திறக்கிறது. நெறிமுறைகளும் அதையே எதிர்பார்க்கின்றன. ஆனால் அது சத்திரத்தின் வழித்தோன்றல். தங்குபவர் விரைவில் வேறெங்கோ போய்விடுவார் என்னும் கற்பனை அதன் அமைப்பிலேயே இருக்கிறது. மர்பி டவுன் வேறொரு மரபைச் சேர்ந்தது. அச்சத்தினாலும் ஒதுக்கத்தினாலும் பிறந்திருந்தபோதிலும், உழைப்பாளி இங்கேயே இருப்பார், பிள்ளைகளை இங்கேயே வளர்ப்பார் என்று ஏற்றுக்கொண்ட திட்டம் அது. அந்த ஒற்றை ஏற்பு தெருவாகவும் கதவெண்ணாகவும் அண்டை அயலாகவும் தலைமுறைகளைத் தாங்கியது.

இவ்விரு மரபுகளையும் இணைத்து நோக்கும் ஆய்வு தமிழில் இன்னும் போதிய அளவு வளரவில்லை. தங்குமிடத்திலிருந்து வாடகை அறைக்கும், வாடகை அறையிலிருந்து பட்டா நிலத்துக்கும் எத்தனை பேர் எத்தனை ஆண்டுகளில் நகர்கின்றனர், எங்கே தடைபட்டு மீண்டும் வீதிக்கு வருகின்றனர் என்பதைக் குடும்ப வரலாறுகள் வழியே தொகுக்க வேண்டும். நகராட்சிக் கோப்புகளோடு கோயில், தேவாலயப் பதிவேடுகளையும், சீட்டுக் கணக்குகளையும், பள்ளிச் சேர்க்கைப் பட்டியல்களையும் சான்றாகக் கொள்ள வேண்டும். கன்டோன்மென்டின் பழைய பேட்டைகளில் முதுமைப் பருவத்தை எட்டியிருக்கும் தலைமுறையினரின் நினைவுகள் இதற்கு அரிய மூலம். அவை காத்திருக்கும் காலம் குறுகியது.

எண்ண வேண்டியது படுக்கைகளையா, குடிகளையா என்பதே இவ்வரலாறு முன்வைக்கும் வினா. முதலாவதை எண்ணும் நகரம் தன் உழைப்பாளரை வழிப்போக்கராகக் கருதுகிறது. இரண்டாவதை எண்ணத் தொடங்கும்போதுதான் அவர்கள் அதன் குடிமக்கள் ஆகின்றனர்.